ரெண்டு வகுப்பு கீழே

மூட்டையைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போயிட்டீங்க பார்த்தீங்களா. சாத்தாதீங்க தாயி. இன்னிக்கு நான் சேலை விக்க வரலை. மூட்டை இல்லாம ஒரு ஊருக்குள்ள நுழைஞ்சு எனக்குப் பழக்கமில்லை, அதான் கை தன்னால தூக்கிட்டு வந்துருச்சு. முடிச்சை அவுக்கக்கூட மாட்டேன், போதுமா.

நீங்க முருகேஸ்வரியோட தங்கச்சிதானே? முகத்துலயே தெரியுது. என் பேரு சீனித்தாய். உங்க அக்கா ஊர்தான் எனக்கும். சைக்கிள்ல ஆரம்பிச்சு இப்ப டிவிஎஸ் வண்டியில சுத்துப்பட்டு ஊரெல்லாம் தவணைக்குத் துணி கொடுக்கறவ. அக்கா என்னைப் பத்திச் சொல்லியிருப்பாளே. என்ன சொன்னா? சரி, வேண்டாம். என்ன சொல்லியிருந்தாலும் அதுல பாதியைத் தள்ளுபடி பண்ணிருங்க.

உங்க அக்கா மக கனிஷ்காவைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். அந்தப் பேரு என் வாயில நுழையாது, கனின்னுதான் கூப்பிடுவேன். நான் வரும்போது தொட்டிலை ஆட்டிக்கிட்டு இருந்தது அவதானே? என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு உள்ள போயிட்டா. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குது. திறக்கிற அன்னிக்கு அந்தப் பிள்ளை எங்க ஊர் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துல இருக்கணும். அதுக்குத்தான் இந்த வெயில்ல பஸ் மாறி வந்திருக்கேன். அவளைக் கூட்டிட்டுப் போகாம நான் இந்த இடத்தை விட்டு... இருங்க, கோபப்படலை. என் தொண்டையே இப்படித்தான். ஒரு செம்புத் தண்ணி கொடுத்தீங்கன்னா குறையும்.

உங்க அக்காவைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். நான் சொல்லி என் மக கேக்கலை, உன்னால முடிஞ்சா கூட்டிட்டு வான்னுட்டா. சொன்ன விதம் நல்லா இல்லை. ஆனா சொன்னா.

முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எனக்கு ஒரு மருமக, சுபாஷினி. எம்.எஸ்சி. கணக்கு, அதுக்கு மேல பி.எட். என் மகன் லாரி ஓட்டறவன், பத்தாவது தாண்டலை. அவனுக்கு எப்படி இப்படி ஒரு பொண்ணுன்னு ஊரே கேட்டுச்சு. என் வாய் சாமர்த்தியத்துல வந்த பொண்ணு. வேலைக்கு அனுப்புவேன், அடுப்படியில உக்கார வைக்க மாட்டேன்னு அவுக அப்பாகிட்ட வாக்குக் கொடுத்துக் கட்டிட்டு வந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாத்தணுமா வேண்டாமா? அந்த அவசரம்தான் எனக்கு. வேற ஒண்ணும் இல்லை.

பாவம், அவ அலைஞ்சா. ஒரு ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு டவுன்ல உள்ள அத்தனை மெட்ரிக் பள்ளிக்கூடத்து வாசல்லயும் நின்னா. போன இடமெல்லாம் ஒரே கேள்வி, எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா? முதல் வேலையை எவனாவது கொடுத்தாத்தானே அது வரும். ஒரு இடத்துல, டெமோ கிளாஸ் எடுத்துக் காட்டும்மான்னு சொல்லி, இன்னிக்கு வா, நாளைக்கு வான்னு ஒரு வாரம் பூரா பாடம் நடத்த விட்டிருக்காங்க. அங்க ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்கு, அதுக்கு இது ஓசி ஆள். வாரம் முடிஞ்சதும் சத்தம் பத்தலை, போயிட்டு வான்னுட்டாங்க. கடையில சாம்பிளுக்கு முழுச் சேலையையா கிழிச்சுக் கொடுப்போம்? அன்னிக்கே நான் போய் அந்த கேட்டைப் பேத்திருப்பேன். அவதான் வேண்டாம் அத்தைன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா.

சத்தம் பத்தலைங்கிறது நிஜம்தான். அவ பேசுனா பக்கத்துல இருக்கிற எனக்கே காதைக் கொடுத்துக் கேக்கணும். ஆனா சாயந்தரம் எங்க தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வச்சுக் கணக்குச் சொல்லிக் கொடுப்பா பாருங்க, அப்ப ஒரு பிள்ளை மூச்சு விடாது. உங்க கனிதான் முதல் ஆள். ஸ்லேட்டைத் தூக்கிக்கிட்டு நாலரைக்கே வந்து வாசல்ல உக்காந்திருவா. அப்ப மூணாவது படிச்சா. மூணாவதுலயே வகுத்தல் போடுறா அத்தை, மீதி வந்தாலும் போடுறான்னு இவ என்கிட்ட வந்து பெருமைப்படுவா. வகுத்தலா, அதுல என்ன இருக்கும்பேன். நான் ரெண்டாவதோட நின்னவ. எனக்கு எல்லாம் வாய்க்கணக்குதான். எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?

இவளை நம்பிப் பிரயோஜனம் இல்லைன்னு ஒரு நாள் நானே கூடக் கிளம்பிட்டேன். பைபாஸ் ஓரத்துல ஒரு பள்ளிக்கூடம். இவளை ஒரு வகுப்புக்குள்ள டெமோவுக்கு அனுப்பிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர், தாளாளர்ங்கிறாங்களே அவர், என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சார். பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, இந்த ஆளும் என்னை மாதிரி வியாபாரிதான்னு. சொன்னார், நேரடியாச் சொன்னார். புதுசா வர்ற டீச்சர் மே மாசம் ஊர் ஊரா வீடு வீடாப் போய் பிள்ளை சேர்த்துக் கொடுக்கணும், சேர்த்தாத்தான் வேலைக்கு ஆர்டர். எங்க பார்த்தாலும் அதுதானாம் வழக்கம். இவ எந்த வீட்டு வாசல்ல நின்னு என்ன பேசுவா? அதனால நான் சேர்க்கறேன்னேன். பதினஞ்சு பிள்ளைன்னார். பத்துன்னேன். வியாபாரம் படியலைன்னா மூட்டையைத் தூக்குவேனே, அந்த மாதிரி எந்திரிச்சுக் கிளம்பப் பார்த்தேன். அவரு இறங்கிட்டார். பத்துக்கு ஒத்துக்கிட்டார் தாயி. பெரிய பெரிய ஆளுக அந்த நாற்காலியில உக்காந்து ஒரு பிள்ளைகூடக் குறைக்க முடியலையாம், ஆபீஸ்ல இருந்த பொண்ணே சொல்லிச்சு.

அவரு பதிலுக்கு ஒண்ணு கேட்டார். கேக்கத்தானே செய்வார், பேரம்னா அப்படித்தான். கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல இருந்து வர்ற பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது, அதனால ரெண்டு வகுப்பு கீழே இறக்கித்தான் உக்கார வைப்போம்னார். ரெண்டு ஜாஸ்தி, ஒண்ணு இறக்குங்கன்னேன். நான் கேட்டேன், இல்லைன்னு சொல்லலை. ஒண்ணுன்னா பழையபடி பதினஞ்சுன்னார். நானும் ஒரு நிமிஷம் யோசிச்சேன். முதல் தண்ணியில துணி சுருங்கத்தான் செய்யும். அதுக்காக உலகத்துல யாரும் துணி எடுக்காம இருக்காங்களா? அப்ப ரெண்டே இருக்கட்டும்னுட்டு எந்திரிச்சேன்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? சட்டுனு சொல்லிட்டேன் அவ்வளவுதான். இறக்கறது அவுக பள்ளிக்கூடத்துப் பழக்கம். நானா இறக்கினேன்?

அன்னியில இருந்து மே மாசம் பூரா சுத்தினேன். எங்க ஊர்ல என்கிட்டத் தவணைக்குத் துணி எடுக்காத வீடு இல்லை. போய் உக்காருவேன். பிள்ளைக்கு டை, ஷூ, வாசலுக்கு வர்ற மஞ்சள் வேன்னு சொல்லுவேன். அவளுக முகம் மலர்ந்துரும். இழுத்தாளுகன்னா, தவணையை மெதுவாக் கொடு, அதுக்கா பார்க்கறேன்னு ஒரு வார்த்தை. அது நிர்ப்பந்தமா? உதவி தாயி அது. உங்க அக்காதான் கடைசி. அவ யோசிச்சா. கவர்மென்ட் பள்ளிக்கூடத்து டீச்சர் நல்லாத்தானே பார்த்துக்கறாங்கன்னா. சுபாஷினியே உன் பிள்ளைக்கு டீச்சரா வருவான்னேன். அதுக்கப்புறம் யோசிக்கலை.

இல்லை, ரெண்டு வகுப்பு விஷயத்தை அவகிட்டச் சொல்லலை. அவ கேக்கலையே. வேன் எத்தனை மணிக்கு வரும்னு கேட்டா, சாப்பாடு கட்டிக் கொடுக்கணுமான்னு கேட்டா. எந்த வகுப்புன்னு கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கறேன்.

ஆர்டர் வந்துச்சு. வேலைக்குப் போன முதல் நாள் அவளுக்கு நான் ஒரு கஞ்சி போட்ட காட்டன் சேலை எடுத்துக் கொடுத்தேன், இலைப்பச்சை. சாயந்தரம் வந்தா பாருங்க, தோள் வரைக்கும் சாக்பீஸ் தூள். சேலையை உதறு, கறை பிடிக்கும்னேன். உதற மாட்டேன்னா. சிரிச்சா. என் வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. நான் செஞ்சது தப்புன்னா அந்தச் சிரிப்பு எங்க இருந்து வந்துச்சு? சொல்லுங்க.

கணக்கு டீச்சருக்கு இடமில்லைன்னு அவளுக்கு ரெண்டாவதைக் கொடுத்தாங்க. ஒரு வாரம் கழிச்சுத்தான் பத்துப் பிள்ளைகளையும் பிரிச்சு விட்டிருக்காங்க. நாலாவதுக்குப் போக வேண்டிய கனியைக் கொண்டாந்து இவ வகுப்புலயே உக்கார வச்சுட்டாங்க. எழுதச் சொன்னா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு எழுதணும். இவ போய்ச் சண்டை போட்டிருக்கா. சண்டைன்னா அவ சண்டை, காதைக் கொடுத்துத்தான் கேக்கணும். தாளாளர் கேக்கலை. வீட்டுக்கு வந்து எப்படி அத்தை மாத்துறதுன்னு என்கிட்டக் கேட்டா. எல்லாம் போகப் போகச் சரியாகும், நீ உன் வேலையைப் பாருன்னேன். மாத்தணும்னா பேரம் உடையும். பேரம் உடைஞ்சா ஆர்டர் போயிரும். அதை அவகிட்ட எப்படிச் சொல்றது?

ஒரு நாள் அவ சாப்பாட்டுத் தூக்கை மறந்துட்டுப் போயிட்டா. கொடுக்கப் போனேன். வகுப்பு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். அத்தனையும் பொடிசு. கடைசி பெஞ்சில கனி. முழங்கால் உள்ள போகாம காலை வெளிய நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. பக்கத்துப் பொடிசு ஒண்ணு அவிழ்ந்த ஷூவைத் தூக்கி அவ மடியில வச்சுச்சு. அவ பேசாம நாடாவைக் கட்டிவிட்டா. இன்னொண்ணுக்கு மூக்கைத் துடைச்சுவிட்டா. மணி அடிச்சதும் ரெண்டு வாண்டு அவ பாவாடையைப் பிடிச்சு இழுத்து, குட்டி ஆயா, பாத்ரூம் போகணும்னுச்சுக. வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடுதாம். ரெண்டையும் கையில பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தா. என்னைப் பார்த்தா. வணக்கம் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்காங்க போல, குட் ஆஃப்டர்நூன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

நான் தூக்கை வாட்ச்மேன்கிட்டக் கொடுத்துட்டு வந்துட்டேன். வெயில் ஜாஸ்தி அன்னிக்கு. வியாபாரத்துக்குப் போகலை.

அதுல இருந்து கனி சாயந்தரம் ஸ்லேட்டோட வரலை. தெருவுல நான் வந்தா அடுத்த சந்துக்குள்ள போயிருவா. சின்னப் பிள்ளை ஒளிஞ்சா எனக்கு என்னன்னு நானும் இருந்தேன். ஆனா பாருங்க, வண்டியை உங்க அக்கா வீட்டுப் பக்கமே கொண்டுபோக முடியலை. தவணை வாங்கணும், போகணும்தான். ஒரு மாசம் போகலை, அடுத்த மாசமும் போகலை. அவளும் கூப்பிடலை.

இந்த வருஷம் ஏப்ரல்ல தாளாளர் டீச்சர்களைக் கூப்பிட்டு, கிளம்புங்க, பிள்ளை சேர்க்கணும்னு சொல்லியிருக்கார். சுபாஷினியைப் பார்த்து, உங்க மாமியாரையே அனுப்பும்மா, அவுக பேசுனா படியும், போன வருஷம் அஞ்சு பிள்ளையைக் குறைச்சுக்கிட்டு ரெண்டு வகுப்பை விட்டுக் கொடுத்த கெட்டிக்காரின்னு சிரிச்சிருக்கார். பாராட்டத்தான் செஞ்சிருக்கார், மனுஷன். அத்தனை பேர் நடுவுல.

அவ வீட்டுக்கு வந்தா. செருப்பைக்கூடக் கழட்டலை. நான் அப்பத்தான் புதுச் சரக்கை மடிச்சுக்கிட்டு இருந்தேன்.

"அத்தை, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

என்னதுன்னேன். அந்த ரெண்டு வகுப்புன்னா. நின்னுக்கிட்டே இருந்தா. எனக்குக் கோபம் வந்துருச்சு. யாருக்காகடி செஞ்சேன், எனக்கா? நீ வாசல் வாசலா நின்னப்ப எவன் உன்னை உள்ள கூப்பிட்டான், நான் பேசலைன்னா இன்னும் அந்த ஃபைலைத்தானே கட்டிக்கிட்டு அழுவேன்னு கத்தினேன். தெருவே கேட்டுச்சு. அவ ரொம்ப மெதுவாச் சொன்னா.

"நான் கேட்டது வேலை அத்தை. நீங்க வாங்கிக் கொடுத்தது கனியோட ரெண்டு வருஷம்."

கையில இருந்த சேலையை மடிச்சேன், பிரிச்சேன், திரும்பவும் மடிச்சேன்.

மறுநாளே கிளம்பிட்டா. நான் போன அதே வீடுகளுக்கு ஒண்ணு விடாமப் போனா. பிள்ளையை ரெண்டு வகுப்பு கீழே உக்கார வச்சதைப் பொறுத்துக்க வேண்டாம், பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துல வயசுக்குத் தகுந்த வகுப்புல சேர்ப்பாங்க, கூட்டிட்டு வாங்கன்னு சொன்னா. அங்க உள்ள தலைமையாசிரியர்கிட்ட முன்கூட்டியே பேசி வச்சிருந்தா. வாசல்ல நிக்கத் தெரியாதவ, பேசத் தெரியாதவ, பேசியிருக்கா. ஒன்பது பிள்ளைக திரும்பியாச்சு. தாளாளர் விடுவாரா? அன்னிக்கே வேலை போச்சு. அவளோட ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் தர மாட்டேன்னு வச்சுக்கிட்டார். நான் போய் அந்த கேட்டுல நின்னு கத்தின கத்துல பைபாஸ்ல போன வண்டியெல்லாம் நின்னுருச்சு. ஃபைலை வாங்கிட்டுத்தான் வந்தேன். கொண்டாந்து அவ முன்னால வச்சேன். வாங்கிக்கிட்டா. பைக்குள்ள வச்சா. அவுக அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

மகன் லாரியில இருந்து போன் பண்ணினான். சுபா என்னடா சொல்றான்னு கேட்டேன். கனி பள்ளிக்கூடம் போறாளான்னு கேட்டாம்மான்னான். வேற? வேற ஒண்ணும் கேக்கலைன்னான். நான் எப்படி இருக்கேன்னு கேக்கலையாடான்னேன். சிக்னல் சரியில்லைன்னு வச்சுட்டான்.

அதுக்கப்புறம்தான் விசாரிச்சேன். கனி மட்டும் எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம்னுட்டாளாம். சித்தி வீட்டுக்கு அனுப்பு, தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கறேன்னு அவளே கிளம்பி வந்துட்டாளாம். பிள்ளையைப் பார்த்துக்கத்தான் எனக்கு நல்லா வருதுன்னு சொன்னாளாமே. உங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாளா?

என்னங்க, மில்லு ஷிப்டுக்குப் போகணும்னு யோசிக்கறீங்களா? தொட்டிலைப் பார்த்துக்க வேற ஆள் வேணும்னா சொல்லுங்க, நான் ஏற்பாடு பண்றேன். வேண்டாமா? உங்க மாமியார் நாளைக்கு வாராங்களா? அப்ப உங்களுக்குத் தடை இல்லை. போகச் சொல்லிச் சொல்லி நீங்களே சலிச்சுட்டீங்களா? அப்படின்னா வர மாட்டேங்கறது அவதான்.

கனி. ஏய் கனி. கதவைத் திறக்க வேண்டாம், அங்க இருந்தே கேளு. அஞ்சாவதுல உனக்கு இடம் போட்டாச்சு. நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். பெஞ்சு உயரம்தான். உன்கூட மூணாவது படிச்ச பிள்ளைகதான் அத்தனையும். புதுப் பை வாங்கித் தாரேன். எந்தக் கலர் வேணும்? பாவாடை சட்டை ரெண்டு செட்டு... சரி, மூணு. ஏய், பதில் சொல்லு. இந்த வயசுல இவ்வளவு வீம்பு ஆகாது. இல்லை, இல்லை, திட்டலை. நான் சாதாரணமாப் பேசினாலே இப்படித்தான் கேக்கும்.

கேட்டீங்களா அவ சொன்னதை? உள்ள இருந்து சொல்றா.

"நீங்க சொல்றது நிஜமான்னு டீச்சர்கிட்டக் கேக்கணும்."

நியாயம்தான். ஒரு தடவை ஏமாந்த வீட்டுல ரெண்டாம் தடவை சரக்கைப் பிரிச்சுப் பார்க்கத்தான் செய்வாங்க. ஆனா தாயி, டீச்சர் என் போனை எடுக்க மாட்டா. நான் தினம் ஒரு தடவை அடிச்சுப் பார்க்கறேன். அடிச்சுக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான்.

உங்க போனைக் கொடுங்களேன். நம்பர் எனக்கு மனப்பாடம். இந்தாங்க, போட்டுட்டேன். மணி அடிக்குது. நீங்களே உள்ள கொண்டுபோய்க் கொடுத்துருங்க. நான் பேசலை. என் குரலைக் கேட்டா வச்சுருவா. நான் இங்க இருக்கேன்னுகூடச் சொல்ல வேண்டாம்.

கதவைச் சாத்திக்கிட்டாளா? சாத்திக்கட்டும். அவுக ரெண்டு பேருக்குள்ள உள்ள பேச்சு. உங்களுக்கு ஏதாவது கேக்குதா? எனக்குக் கனி குரல்தான் கேக்குது. வகுத்தல்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. மறந்துபோச்சு டீச்சர்ங்கிறா. என்ன, சிரிக்கிறாளா? சிரிக்கிறா.

என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா சுபாஷினி? இல்லை, சும்மாதான் கேட்டேன்.

வாம்மா கனி. என்ன சொன்னாங்க உங்க டீச்சர்? வர்றியா? வர்றேன்னுட்டா, பார்த்தீங்களா தாயி. அப்ப எடு பையை, அடுத்த பஸ்ஸுக்கு இப்பக் கிளம்பினா சரியா இருக்கும். என்ன? ஏன் நின்னுட்டே? சித்தி காதுல என்ன சொல்றே, என்கிட்டச் சொல்லு.

ஓ. டீச்சரே வந்து கூட்டிட்டுப் போறாங்களா. இன்னிக்கே. என்கூட வர வேண்டாம்னு சொன்னாங்களா.

சரி. அதுவும் சரிதான். பிள்ளை பள்ளிக்கூடம் போனாப் போதும், யாரு கூட்டிட்டுப் போனா என்ன. நான் கிளம்பறேன் தாயி. தண்ணிக்கு ரொம்ப சந்தோஷம்.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ பஸ் ஸ்டாண்டுல இறங்கி நேரா இந்தத் தெரு வழியாத்தானே வருவா? அப்ப அந்தக் கோயில் பக்கமா மெயின் ரோட்டுக்குப் போற வழி இருக்கா? சுத்துன்னாலும் பரவாயில்லை. என்னை எதிர்ல பார்த்துட்டா அவளுக்குச் சங்கடம். நான் அந்தப் பக்கமாப் போயிக்கறேன்.